தலைமையாசிரியர் வகுப்பில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் சில வாரங்களாக வந்துகொண்டிருக்கும் வாசகர் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். அவற்றுள் ஒன்றில், "முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள், அதிலும் ஒருவர் தலைமையாசிரியர் என்ற பெயரில் பாதி நாள் கைபேசியோடு உட்கார்ந்திருக்கிறார், பிறகு பிள்ளைகளுக்குப் படிப்பு எப்படி வரும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கேள்வியில் கோபம் இருந்தாலும் அவர் கண்ணால் கண்டது பொய்யல்ல. திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பதினைந்து ஆண்டுகள் இருந்து 2024இல் ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கைபேசிக்குள் என்ன நடக்கிறது என்பதை அவருக்கும் அவரைப் போன்ற பெற்றோர்களுக்கும் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

தலைமையாசிரியர் என்றவுடன் தனி அறை, பெரிய மேசை, மணியடித்தால் வந்து நிற்கும் உதவியாளர் என்றொரு காட்சி பலருக்கும் தோன்றுகிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அந்தக் காட்சியில் ஓரளவு உண்மை உண்டு. அங்கே இளநிலை உதவியாளர் என்றொரு பணியிடம், காலியாகக் கிடந்தாலும்கூட, ஏட்டிலாவது இருக்கிறது. தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் எழுத்தர் என்ற பணியிடமே கிடையாது. கதவைத் திறப்பதிலிருந்து தணிக்கைக்குப் பதில் எழுதுவது வரை எல்லாம் ஆசிரியர்கள் தலையில்தான் விழும். ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் முதலில் வகுப்பாசிரியர். வகுப்பு எடுத்தது போக மிச்சமிருக்கும் நேரத்தில்தான் அவர் தலைமையாசிரியர். அந்த மிச்ச நேரம் என்று ஒன்று கிடையாது என்பதுதான் சிக்கல்.

கணக்குப் பார்த்தால் எளிதாக விளங்கும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு நான்கு பாடங்கள். மூன்று முதல் ஐந்து வரை சூழ்நிலையியலுக்குப் பதில் அறிவியலும் சமூக அறிவியலும் சேர ஐந்தைந்து. ஆக மொத்தம் 23 பாடங்களை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். எழுத்தையும் எண்ணையும் அடிப்படையிலிருந்து கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஒரே வகுப்பறையில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகளுக்கும் தனித்தனிச் செயல்பாடு தர வேண்டும். அந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன்; கொரோனாவுக்குப் பின் எழுத்தையே மறந்து வந்த பிள்ளைகளை அது கைதூக்கி விட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த முறைக்கு ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் எழுந்து போனால் அரும்பு நிலைப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும், அல்லது பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கும்.

2023ஆம் ஆண்டின் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கெல்லாம் பள்ளியைத் திறந்தாயிற்று. காலை உணவுத் திட்டத்துக்குச் சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்கள் அதற்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். பரிமாறும் முன் கிச்சடியைச் சுவைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். பசியோடு வந்து மயங்கி உட்காரும் பிள்ளையை முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்தவன் என்பதால் இந்த வேலை ஒரு நாளும் எனக்குச் சுமையாகத் தெரிந்ததில்லை. ஒன்பதே காலுக்கு வருகைப்பதிவுச் செயலி. எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது பள்ளி வாசலுக்கு வெளியே புளிய மரத்தடியில் மட்டும். அங்கே நின்று ஆசிரியர் வருகையையும் மாணவர் வருகையையும் ஏற்றிவிட்டு உள்ளே வந்து, மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் தொடங்கினேன். கரும்பலகையில் 42, அதன் கீழே 17 என்று எழுதி, இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் ஒரு பத்து கடன் கேட்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. 'மிக மிக அவசரம்' என்ற தலைப்போடு, வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைக்கப்படாத மாணவர்களின் பட்டியலை 11 மணிக்குள் கூகுள் படிவத்தில் ஏற்ற வேண்டும் என்றொரு தகவல். அந்த விவரம் அத்தனையும், பள்ளி விவரங்களுக்கென்று கல்வித்துறை வைத்திருக்கும் எமிஸ் இணையதளத்தில் ஏற்கெனவே நாங்களே ஏற்றியதுதான். இருந்தும் மறுபடி கேட்கிறார்கள். கேட்டால் தர வேண்டும். புளிய மரத்தடிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது இடைவேளை மணி அடித்தாயிற்று. பிற்பகலில் பாடநூல் வழங்கும் மையத்திலிருந்து இரண்டாம் பருவப் புத்தகங்களை உடனே எடுத்துச் செல்லுமாறு அழைப்பு. பள்ளிக்கே கொண்டுவந்து தர வேண்டும் என்பதுதான் நடைமுறை என்றாலும், வண்டி வரும்வரை காத்திருந்தால் நம் பிள்ளைகளுக்குத்தான் தாமதம் என்று ஆட்டோ பிடித்துப் போனேன். 42-ம் 17-ம் அந்தப் பலகையில் மூன்று நாள் அப்படியே இருந்தன.

இது ஒரு நாளின் கதை என்றால் நான் எழுதவே மாட்டேன். வாரத்தில் மூன்று நாளாவது இப்படித்தான். நான் பணியில் சேர்ந்த 1988இல் இதே விவரங்களைக் கார்பன் தாள் வைத்து மூன்று படி எழுதி, மாதம் ஒரு முறை உதவித் தொடக்கக் கல்வி அலுவலகத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கை வலித்தது, ஆனால் மாதம் ஒரு முறைதான் வலித்தது. கணினி வந்தால் எழுத்து வேலை குறையும் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். கேட்பது எளிதாகிவிட்டால் கேட்பவர்கள் பெருகுவார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. கல்வித்துறை ஒரு பக்கம், ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் ஒரு பக்கம், சுகாதாரத்துறை, சமூகநலத்துறை, வருவாய்த்துறை, ஊரக வளர்ச்சித்துறை என ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு படிவம் வருகிறது. ஒரு வாசலில் கொடுத்ததை அடுத்த வாசல் பார்ப்பதில்லை. எமிஸ் இருக்க, ஒன்றிய அரசின் பள்ளி விவரத் தளமான யுடைஸ் பிளஸ் தனி. விடுப்புக்கும் ஊதியத்துக்கும் களஞ்சியம் செயலி தனி. இவற்றோடு மரபான பதிவேடுகளும் அப்படியே தொடர்கின்றன. ஓய்வு நாளன்று நான் எண்ணி ஒப்படைத்தவை 64.

இங்கேதான் கொள்கையிலேயே உள்ள ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர் என்று போய், 150க்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமையாசிரியர் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளைத் தாண்டினால்தான் முழுநேரத் தலைமையாசிரியர். ஆசிரியர் எண்ணிக்கை பிள்ளைகளின் தலையை எண்ணி வருகிறது, சரி. ஆனால் நிர்வாக வேலை பள்ளியை எண்ணி வருகிறது. முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் முந்நூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் யுடைஸ் படிவம் ஒன்றே. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒன்றே. கட்டடம், கழிவறை, குடிநீர், மின் இணைப்பு பற்றிய அறிக்கைகள் அத்தனையும் ஒன்றே. வரிசையின் நீளம் வேறாக இருக்கலாம், படிவங்களின் எண்ணிக்கை மாறாது. ஆகவே பள்ளி எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அதன் ஆசிரியர் நேரத்தில் பெரும்பங்கை அலுவலக வேலை விழுங்குகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகள், பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள், மலைக் கிராமத்துப் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் அத்தகைய சிறிய பள்ளிகளில்தான். ஜவ்வாது மலையில் பணிபுரிந்த நண்பர் ஒருவர், தாம் வகுப்பு எடுத்த நாட்களைவிட மலை இறங்கிய நாட்கள் அதிகம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்விசாராப் பணிக்கும் ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவை மேடைதோறும் மேற்கோள் காட்டும் ஆசிரியர் சங்கத்து நண்பர்களிடம் நான் சொல்வதுண்டு: சட்டம் தடுத்தது ஆசிரியரை வெளியே அழைத்துப்போகும் வேலையை, வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்காரும் எழுத்து வேலையை அது தொடவேயில்லை. விதிவிலக்கான பணிகளும் லேசானவை அல்ல. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இருந்த ஆசிரியர்கள் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் படிவக் கட்டோடு வீடு வீடாக அலைந்தார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் அந்தப் பணிக்குப் போனால் மிச்சம் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. தேர்தல் பணிக்கு ஆசிரியர்களை விடுமுறை நாட்களிலும் பாடம் இல்லாத நேரத்திலும் பயன்படுத்த வேண்டும் என்று டெல்லி செயின்ட் மேரிஸ் பள்ளி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை யாரும் எதிர்க்கவில்லை. யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவுமில்லை. இனி 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு.

பணச் சுமையையும் ஒரு வரியில் கடந்துவிட முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 100 வரை 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. சுண்ணக்கட்டி, தாள், அச்சு இயந்திரத்து மை, உடைந்த குழாய், பினாயில் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடக்கிவிடலாம், நேரத்துக்கு வந்தால். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடாததைக் காரணம் காட்டி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்த செய்தி அரசியல் செய்தியாக மட்டுமே பேசப்பட்டது. இந்தக் கொள்கைச் சர்ச்சையில் மாநிலத்தின் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆனால் இரு அரசுகளின் வாதம் முடியும்வரை குழாய் ஒழுகாமல் காத்திருப்பதில்லை. மானியம் எப்போது வந்தாலும் ரசீது கேட்கப்படும். வராத மாதங்களில் தலைமையாசிரியர் தம் சட்டைப்பையிலிருந்து போட்டதற்கு எந்தத் தணிக்கையிலும் ஒரு பத்தி கிடையாது.

இவற்றையெல்லாம் ஒருவர் பொறுத்துக்கொண்டு செய்வதற்குப் பதவி என்ற ஒன்றாவது உறுதியாக இருக்க வேண்டும். இப்போது அதுவும் ஆட்டம் கண்டிருக்கிறது. பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் அத்தேர்வில் தேற வேண்டும், ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு கிடையாது என்றது. தகுதியைச் சோதிப்பதில் எனக்கு மறுப்பில்லை. எனினும், வழக்குகள் நடந்த காலம் முழுவதும் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் தலைமையாசிரியர் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. 'பொறுப்பு' என்ற அடைமொழியோடு ஓர் ஆசிரியர் அதில் உட்கார வைக்கப்படுகிறார். ஊதியம் பழையதே, அதிகாரம் பாதி, பதில் சொல்ல வேண்டிய கடமை மட்டும் முழுதாக வரும். எனக்குப் பின் என் பள்ளியில் பொறுப்பேற்ற ஆசிரியைக்கு இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறார். சென்ற மாதம் ஏதோ பழைய பதிவேட்டைப் பற்றிக் கேட்கத் தொலைபேசியில் பேசியவர், "பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதா, நான் படிக்கறதா, இந்த எக்செல் ஷீட்டைப் போடறதா, எதை முதல்ல பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க சார்" என்றார். பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது நேர்மையாகாது. உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்த நடுநிலைப் பள்ளிகளில் எமிஸ் பணிக்கும் சேர்த்து 'நிர்வாகி மற்றும் பயிற்றுநர்' என்ற பெயரில் ஊழியர்கள் அமர்த்தப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் சிறிய தொடக்கப் பள்ளியை அந்த உதவி எட்டிப் பார்ப்பதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. அப்படியே அந்த ஊழியர் வேறிடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாலும் ஓ.டி.பி. எண் வருவது தலைமையாசிரியரின் கைபேசிக்கு. வகுப்பை விட்டு மரத்தடிக்கு அவர் வந்தாக வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அரசுப் பள்ளிகளுக்கு எத்தனையோ நல்லவற்றைச் சொல்கிறது. அவை அனைத்தையும் நடைமுறைப்படுத்தப் போகிறவரும் இதே தலைமையாசிரியர்தான். ஒவ்வொரு புதிய திட்டத்தோடும் ஒரு செயலியும் ஒரு பதிவேடும் ஒரு மீளாய்வுக் கூட்டமும் கூடவே வருகின்றன. பழைய திட்டத்தின் பதிவேட்டை இனி எழுத வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கையை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. பத்துப் பதினைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக, ஆசிரியர் பயிற்சிக்கும் கூட்டத்துக்குமான குறுவள மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு மையத்துக்கும் கணினி தெரிந்த எழுத்தர் ஒருவரை அமர்த்தி, அந்தப் பள்ளிகளின் எமிஸ், யுடைஸ், மானியக் கணக்கு, வங்கி, ஆதார் தொடர்பான வேலைகளை அவர் பொறுப்பில், அவர் கைபேசி எண்ணில் ஒப்படைக்க வேண்டும். முறைவைத்து அவர் ஒவ்வொரு பள்ளிக்கும் வரட்டும், அல்லது பள்ளிகள் அவரிடம் போகட்டும். பள்ளிகளைக் கொத்தாகச் சேர்த்து வளங்களைப் பகிர்ந்துகொள்ளும் யோசனையை ஒன்றிய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1966இலேயே சொன்னது. பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் கொத்து என்றால் ஏற்றுக்கொள்ளும் நாம், எழுத்து வேலைக்கு மட்டும் ஒவ்வொரு பள்ளியையும் தனித்தீவாக விட்டுவைத்திருக்கிறோம்.

இன்னொன்று, பைசா செலவில்லாதது. எந்தத் துறையாக இருந்தாலும் தொடக்கப் பள்ளியிடம் ஒரு விவரம் வேண்டுமென்றால் அது வட்டாரக் கல்வி அலுவலரின் ஒரே வாசல் வழியாக, வாரத்தில் ஒரே நாளில், குறைந்தது மூன்று வேலை நாள் கெடுவோடு வர வேண்டும். எமிஸ் தளத்தில் உள்ளதை மறுபடி கேட்பது கூடாது என்று துறைச் செயலர் மட்டத்தில் ஓர் ஆணை போதும். காலை ஒன்பதரை முதல் பிற்பகல் மூன்றரை வரை புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 'மிக மிக அவசரம்' போடுவதற்குத் தடை விதித்தால், வெள்ளம், புயல் வரும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் எதுவும் கெட்டுவிடப் போவதில்லை என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். உயர்நிலை, மேல்நிலைத் தலைமையாசிரியர்களின் சுமை வேறு வகைப்பட்டது. சம்பளப் பட்டியல், பொதுத்தேர்வு, தேர்ச்சி விழுக்காடு என அதற்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டும், எழுதத் தகுந்தவர்கள் எழுதுவார்கள்.

முதலில் எல்லா மாவட்டங்களிலும் செய்ய வேண்டியதில்லை. ஓர் ஒன்றியத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு கல்வியாண்டு மட்டும் நடத்திப் பார்க்கட்டும். ஜூன் மாதத்திலும் மறு ஏப்ரலிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கவும் கழிக்கவும் சொல்லிச் சோதித்தால் வேறுபாடு தெரிந்துவிடும். எங்கள் ஒன்றியத்தையே எடுத்துக்கொண்டால், வரும் எழுத்தருக்கு 64 பதிவேடுகளில் எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நான் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன். பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம். பள்ளி என் வீட்டிலிருந்து நடக்கும் தூரந்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.